நாடுகளை எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள்



நம் முன்னோர் காலத்தில் கடல் கடந்த பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டே நோக்கங்கள் இருந்தன. ஒன்று புனித ஹஜ். மற்றொன்று பொருள் தேடிச் செல்லுதல். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்கள் வாணிபத்திற்காகச் சென்றார்கள். வளைகுடாவுக்குச் சென்றவர்கள் ஊதியத்திற்காகச் சென்றார்கள். ஊர் பார்ப்பதற்கென்றே குடும்பத்தோடு புறப்படுவது அரிதாக இருந்தது. இன்று அந்நிலை மாறி வருகிறது. ஜெர்மனியில் பணிபுரியும் மகன், "வாப்பா, உம்மாவை அழைத்துக்கொண்டு கோடையில் வந்துவிடுங்கள், காரிலேயே ஐந்தாறு நாடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்கிறான். வாப்பாவும் உம்மாவும் மகிழ்கிறார்கள். மருமகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். உடனே ஒரு தாளில் ஊர்களின் பெயர்கள் எழுதப்படுகின்றன. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், சூரிச், வெனிஸ், வியன்னா, பிராக். பத்து நாட்கள், ஏழு நாடுகள்!

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். இப்பயணத்தில் செலவாகப்போவது ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு. காரில் அமரப்போகிறவர்கள் அறுபதைக் கடந்த பெற்றோரும் பள்ளி செல்லும் குழந்தைகளும். அவர்கள் அனைவரின் உயிரும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஒருவரின் இரு கைகளில் இருக்கிறது. அந்த ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், பழக்கமில்லாத சாலையில், பத்து நாட்கள் தொடர்ந்து ஓட்டுவாரென்றால் அது உலாவா, வேலையா?

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்போர் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். ஒரே நாளில் பத்துப் பாடங்களை ஓட்டிவிட்டால் மாணவனின் நெஞ்சில் ஒன்றும் தங்குவதில்லை. ஒரு நாளுக்கு ஒரு பாடம் என்று நிறுத்திச் சொன்னால் அது ஆயுளுக்கும் நிற்கிறது. பயணமும் அப்படித்தான். ஆகவே இம்மாதம், மலைச்சாலைகளின் வழியே பல நாடுகளைக் கடக்கும் ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை ஓர் உண்மையான பாதையை முன்வைத்தே பார்ப்போம்.

முதலில் நாட்காட்டி, பிறகு வரைபடம்

ஐரோப்பாவின் எழில் மிக்க சாலைகளில் பல, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் வழியே செல்கின்றன. இவை ஆண்டு முழுதும் திறந்திருப்பவை அல்ல. பனி மூடியதும் சாலையை அடைத்துவிடுவார்கள். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலை வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடப்படுகிறது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் திறக்கும். சுவிட்சர்லாந்தின் பூர்கா, சுஸ்டன் கணவாய்களுக்குப் பெரும்பாலும் ஜூன் மாதம் வந்தாக வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல். நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் வருகிறது. அந்நேரத்தில் ஆல்ப்ஸ் மலையின் உச்சிகள் இன்னும் பனியில் உறங்கிக்கொண்டிருக்கும். பணம் கட்டி, விசா எடுத்து, ஆயிரக்கணக்கான மைல் பறந்து சென்று, 'சாலை மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைப் படித்துவிட்டுத் திரும்புவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

மே மாதத்தில்தான் செல்ல இயலும் என்போர் கலங்க வேண்டியதில்லை. தாழ்வான பாதைகள் ஆண்டு முழுதும் திறந்திருக்கின்றன. ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே 1,370 மீட்டர் உயரத்தில் பிரென்னர் கணவாயும், ஏறக்குறைய 1,500 மீட்டரில் ரெஷன் கணவாயும் இருக்கின்றன. குரோஸ்குளோக்னருக்குப் பதிலாக, 1967இல் திறக்கப்பட்ட பெல்பர்டாவர்ன் சுரங்கப் பாதை இருக்கிறது. உச்சியில் நிற்கும் வாய்ப்பு மட்டுமே குறையும். பள்ளத்தாக்கின் பசுமையும் அருவிகளும் அந்த மாதத்தில்தான் நிறைந்து நிற்கும்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாத மூத்த தம்பதியருக்குச் செப்டம்பரே சிறந்த மாதம். கணவாய்கள் திறந்திருக்கும், ஆகஸ்ட் மாதத்து நெரிசல் தணிந்திருக்கும், பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் உறக்கமும் தொழுகையும் ஒழுங்குபடும்.

பதினான்கு இரவுகள், ஆறு நாடுகள்

நாம் முன்வைக்கும் பாதை ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த காரை மற்றொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் மிகுதியாக வாங்குவார்கள். ஆதலால் வட்டமாகச் சுற்றி வருவதே சிக்கனம். மொத்தத் தூரம் 1,300 முதல் 1,500 கிலோமீட்டருக்குள் அடங்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்று திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதினான்கு இரவுகள் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு மலைச்சாலைகளே விடை சொல்லும்.

முதல் இரவு மியூனிக்கில். விமானத்தை விட்டு இறங்கிய அன்று கார் ஓட்டுவதே கூடாது. இரவு முழுதும் விழித்து வந்தவரின் கண்கள் திறந்திருந்தாலும் மூளை உறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மறுநாள் ஆஸ்திரியாவின் செல் அம் சே என்னும் ஏரிக்கரை ஊருக்குச் சென்று இரண்டு இரவுகள். வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் கோடையில் திரளாக வந்து தங்கும் ஊர் இது. ஆதலால் ஹலால் உணவு கிடைப்பது எளிது.

நான்காம் நாள் குரோஸ்குளோக்னர் சாலை. 1930இல் கட்டத் தொடங்கி 1935இல் திறந்தார்கள். 48 கிலோமீட்டர் நீளம். 36 கொண்டை ஊசி வளைவுகள். 2,504 மீட்டர் உயரத்தில் ஹோக்டோர் கணவாய். இதற்கு 40 யூரோவுக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு, இரவில் திறந்திருப்பதில்லை. 3,798 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆஸ்திரியாவின் மிக உயரமான சிகரத்தை எதிரில் காணலாம். அதன் காலடியில் பாஸ்டெர்சே என்னும் பனியாறு. சாலை திறந்த நாளில் பரந்து கிடந்த அப்பனியாறு, உலகம் சூடேறியதால் ஆண்டுதோறும் சுருங்கி, பனி இருந்த இடத்தில் இன்று பாறையும் நீரும் தெரிகின்றன. பேரப்பிள்ளைகளை அங்கே சற்று நேரம் நிறுத்திக் காட்டுங்கள். பாடநூலில் படித்ததை அவர்கள் கண்ணாலேயே காண்பார்கள். மலையிறங்கி லியன்ஸ், வில்லாக் நகர்கள் வழியாகச் சுலோவீனியாவை அடையும் அந்த நாளே இப்பயணத்தின் மிக நீண்ட நாட்களில் ஒன்று. அதுவும் 250 கிலோமீட்டரைத் தாண்டாது.

அடுத்த மூன்று இரவுகள் சுலோவீனியாவின் கிரான்ஸ்கா கோராவில். இங்கிருந்து பெட்டிகளை அறையிலேயே வைத்துவிட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கொண்ட ஒரு வட்டத்தை ஒரு முழு நாளில் சுற்றி வரலாம். முதலில் 1,611 மீட்டர் உயரமுள்ள விர்ஷிச் கணவாய். அதில் 50 கொண்டை ஊசி வளைவுகள். முதல் உலகப்போரின்போது சோச்சா ஆற்றங்கரைப் போர்முனைக்குத் தளவாடங்கள் கொண்டுசெல்ல, ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு ஆஸ்திரிய - ஹங்கேரிப் பேரரசு இச்சாலையை அமைத்தது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் சிக்கிப் பல கைதிகள் மாண்டனர். அவர்கள் நினைவாக எழுப்பப்பட்ட சிறு மரக்கோயில் வழியிலேயே இருக்கிறது. நாம் இன்று எழில் என்று வியக்கும் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஓர் ஏழைத் தாயின் மகனுடைய வியர்வை கலந்திருக்கிறது.

கணவாயை இறங்கினால் மரகதப் பச்சை நிறத்தில் சோச்சா ஆறு. அதன் கரையோரமாகச் சென்று, போவெட்ஸ் ஊரைத் தாண்டி பிரெடெல் கணவாய் நோக்கி ஏறும் வழியில் லோக் பொட் மங்கார்டம் என்ற சிற்றூர் வருகிறது. நம் வாசகர்கள் அவசியம் வண்டியை நிறுத்த வேண்டிய இடம் இது. அப்பேரரசின் படையில் பணியாற்றிய பாஸ்னிய முஸ்லிம் வீரர்கள் 1916இல் இம்மலையடிவாரத்தில் ஒரு பள்ளிவாசல் எழுப்பித் தொழுதார்கள். போர் முடிந்த பின் அது நிலைக்கவில்லை. அங்குள்ள போர்வீரர் அடக்கத்தலத்தில் இரு சமய வீரர்களும் ஒரே மண்ணில் உறங்குகிறார்கள். அந்நாட்டில் மீண்டும் ஒரு பள்ளிவாசல் கட்டிடம் எழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. தலைநகர் லூப்லியானாவில் 2020இல்தான் அது திறக்கப்பட்டது. விரைந்து ஓடும் காரிலிருந்து இவை எதுவும் தெரியாது. இறங்கி நடப்போருக்கே தெரியும்.

ஏழாம் நாள் இத்தாலி. மூன்று இரவுகள் டாலமைட் மலைகளுக்கு. டாலமைட் என்னும் வெளிர்நிறப் பாறையாலான இம்மலைகள், கதிரவன் மறையும் வேளையில் ரோஜா நிறமாகச் சிவக்கின்றன. 2009இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோர்டினாவையும் போல்சானோவையும் இணைக்கும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளமுள்ள டாலமைட் பெருஞ்சாலை 1909இல் நிறைவுற்றது. 2,105 மீட்டரில் ஃபால்சாரேகோ, 2,239 மீட்டரில் போர்தோய் ஆகிய கணவாய்களைக் கடக்கிறது. கோர்டினா செல்வந்தர்களின் ஊர். அங்கே தங்காமல் சற்றுத் தள்ளியுள்ள சிற்றூரில் தங்குவது கைப்பைக்கு நல்லது.

அடுத்த மூன்று இரவுகள், ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில். இது இத்தாலிதான், ஆனால் மக்கள் பேசுவது ஜெர்மன் மொழி. முதல் உலகப்போருக்குப் பின் எல்லைக்கோடு நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. இங்கே ஒரு நாளை ஸ்டெல்வியோவுக்கு ஒதுக்குங்கள். 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியப் பேரரசு கட்டிய சாலை அது. உயரம் 2,757 மீட்டர். பிராட் என்ற ஊரிலிருந்து ஏறினால் எண் பொறித்த 48 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியைக் கடந்து சற்றே இறங்கி, உம்பிரைல் கணவாய் வழியாகச் சுவிட்சர்லாந்தின் மூஸ்டாயர் பள்ளத்தாக்கில் இறங்கி, மாலைக்குள் தங்குமிடம் திரும்பிவிடலாம். மற்றொரு நாள் எங்கும் செல்லாதீர்கள். துணி துவையுங்கள், பிள்ளைகளை விளையாட விடுங்கள், உம்மாவின் கால்வலிக்கு ஓய்வு கொடுங்கள்.

பதின்மூன்றாம் நாள் ரெஷன் ஏரி வழியாகப் புறப்பட வேண்டும். அணை கட்டியபோது 1950இல் ஒரு கிராமமே அந்த ஏரியில் மூழ்கியது. அதன் பழைய கோயிலின் மணிக்கூண்டு மட்டும் இன்றும் நீருக்கு மேல் நிற்கிறது. பிறகு ஆஸ்திரியா, பிறகு 160 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள லிக்டென்ஸ்டைன் நாடு, இரவில் ஜெர்மனியின் லிண்டாவ் ஏரிக்கரை. மறுநாள் மியூனிக்; அதற்கு மறுநாள் விமானம்.

விசாவிலும் கணக்கு உண்டு

இந்த ஆறு நாடுகளும் ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்தவை. எனவே ஒரே விசா போதும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம். வயதுவந்தோருக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 வயது நிறைந்து 12 நிறையாத குழந்தைகளுக்கு 45. அதற்குக் கீழே இலவசம். பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாடு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? இறங்குவது ஜெர்மனியில் என்பதால் ஜெர்மனி என்றே பலரும் எண்ணுவர். விதி அதுவன்று. அதிக நாட்கள் எங்கே தங்குகிறீர்களோ அந்நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நமது பாதையில் ஜெர்மனிக்கு மூன்று இரவுகள், இத்தாலிக்கு ஆறு. ஆகவே இத்தாலியிடம்தான். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. அதே வேளையில், மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு இடையே இப்பயணத்தைச் செய்வோருக்குக் கணக்கு மாறி, மகன் வாழும் நாடே முதன்மை நாடாகிவிடும். திட்டத்தை முதலில் உறுதி செய்துவிட்டு விசாவுக்குச் செல்ல வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வண்டியும் ஓட்டுநரும்

அந்நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும். ஸ்டீயரிங் இடப்புறம் இருக்கும். இங்கிருந்து செல்பவர் ஓட்டுவதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். அதனுடன் அசல் உரிமத்தையும் வைத்திருக்க வேண்டும். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். வாடகை சற்றுக் கூடும். ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை இருப்பது நல்லது; முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். எந்தெந்த நாடுகளுக்குச் செல்கிறீர்கள் என்பதையும், இரண்டாவதாக யார் ஓட்டுவார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். பெயர் எழுதாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

ஐரோப்பியச் சட்டம், சரக்கு வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கூட நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்கிறது. தொழில்முறை ஓட்டுநருக்கே இந்த அளவென்றால் நமக்கு எவ்வளவு? நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அதுவும் இடையில் இருமுறை நிறுத்தி. இதுவே குடும்பத்திற்கு ஏற்ற எல்லை. விர்ஷிச் கணவாயைத் தாண்டும் 45 கிலோமீட்டர் வரைபடத்தில் ஒரு விரல்கடை. கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினின் இழுவையைக் கொண்டே இறங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் மலைச்சாலைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துக்கே முன்னுரிமை. அதன் மூன்று சுர ஊதல் கேட்டதும் ஒதுங்கிவிடுங்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயதுக்கும் 150 சென்டிமீட்டர் உயரத்திற்கும் உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே செல்லாது. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்கள், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். அவசர உதவிக்கு இந்நாடுகள் அனைத்திலும் 112 என்ற எண் ஒன்றே போதும்.

சாலை வரியும் அபராதமும்

நெடுஞ்சாலைக் கட்டணம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம். ஜெர்மனியில் கார்களுக்குக் கட்டணமில்லை. ஆஸ்திரியாவில் விக்னெட் எனப்படும் சாலை வரி. ஒரு நாளுக்கும், பத்து நாட்களுக்கும், அதற்கு மேலும் தனித்தனியே கிடைக்கும். நாம் அந்நாட்டில் இரண்டாம் நாளில் ஒரு முறையும் பதின்மூன்றாம் நாளில் மறுமுறையும் நுழைகிறோம்; பத்து நாள் வரி இரண்டையும் தாங்காது. ஆகவே முதலில் பத்து நாளுக்கும், பின்பு ஒரு நாளுக்கும் வாங்க வேண்டும். குரோஸ்குளோக்னர் சாலைக்கும் ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்கும் இதில் சேராத தனிக் கட்டணம் உண்டு. சுலோவீனியாவில் நெடுஞ்சாலையில் ஏறினால், அதாவது லூப்லியானா செல்வதானால், வார வரி வாங்க வேண்டும். இத்தாலியில் சீட்டெடுத்து, ஓடிய தூரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைக்கு ஆண்டு வரி மட்டுமே உண்டு, 40 பிராங்க். வாங்காமல் ஏறினால் அபராதம் 200 பிராங்க். நமது வட்டத்தில் அந்நாட்டின் மலைச்சாலையை மட்டுமே தொடுவதால் அது தேவைப்படாது.

இத்தாலிய நகரங்களின் பழைய வீதிகள் பலவற்றில் வெளியார் வண்டி நுழையத் தடை. காவலர் எவரும் நிறுத்த மாட்டார். கேமரா படம் பிடித்துவிடும். ஊர் திரும்பிப் பல மாதங்களுக்குப் பின் அபராதக் கடிதம் வந்து சேரும். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து செல்வதே அறிவுடைமை.

உணவும் தொழுகையும் உடையும்

சமையலறையுடன் கூடிய தங்குமிடங்கள் எங்கும் கிடைக்கின்றன. மூன்று இரவுகள் ஒரே இடத்தில் தங்குவதன் பெரும் பயன் இதுதான். மியூனிக் மத்திய ரயில் நிலையத்தின் தெற்குப்புறத் தெருக்களில் துருக்கியரும் அரபியரும் நடத்தும் ஹலால் கடைகள் பல உள்ளன. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனியன்றே வாங்கி வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று: சமையல் உம்மாவுக்கும் மருமகளுக்கும் மட்டுமே உரியதாகிவிடக் கூடாது. அவர்களுக்கும் இது பயணம்தானே! ஆண்கள் முறை வைத்துப் பாத்திரம் துலக்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

நம் இல்லத்தரசிகள் அன்போடு கட்டிக்கொடுக்கும் உப்புக்கண்டமும் நெய்யும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லாது. வெளிநாட்டு இறைச்சியையும் பால்பொருளையும் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும், பெரும்பாலான பழங்களுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். விலக்குப் பெற்ற ஐந்து பழங்களில் பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் தேங்காயும் இருப்பது நமக்கு ஆறுதல்!

ஜூன் மாதத்தில் மியூனிக்கில் கதிரவன் மறைய இரவு ஒன்பதே கால் மணியாகிவிடும். இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே உறங்கக் கிடைக்கும் நேரம் சொற்பம். காலையில் ஆறு மணிக்கே புறப்படும் திட்டங்கள் இதனாலேயே குலைகின்றன. பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகளை உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து, நாளை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் 2009ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்குப் பின் புதிய மினாராக்கள் கட்ட அனுமதியில்லை. மற்ற நாடுகளிலும் தொழுகை இடங்கள் பல சாதாரணக் கட்டிடங்களிலேயே இருக்கின்றன. மினாராவைத் தேடாமல் முகவரியைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

சகோதரிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. தலையை மறைக்கும் முக்காட்டுக்கு இந்நாடுகளின் வீதிகளில் தடையில்லை. ஆனால் முகத்தை மறைக்கும் திரையைப் பொது இடங்களில் அணிய ஆஸ்திரியா 2017 முதலும், சுவிட்சர்லாந்து 2025 ஜனவரி முதலும் சட்டத்தால் தடை செய்துள்ளன, மீறினால் அபராதம். முகத்திரை அணியும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதை வீட்டிலேயே கலந்து பேசி, பாதையைத் தீர்மானிக்க வேண்டும். எல்லையில் நின்று யோசிக்கும் காரியமன்று இது.

விட்டுவிடுவதும் திட்டமே

"சுவிட்சர்லாந்தில் அரை நாள்தானா? பாரிஸ் இல்லையா? வெனிஸ் இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். வெனிஸில் வண்டி ஓடும் வீதியே கிடையாது. அங்கே காரோடு சென்று என்ன செய்வது? பாரிஸுக்கு ரயிலே சிறந்தது. சுவிட்சர்லாந்தின் பூர்கா, கிரிம்செல், சுஸ்டன் ஆகிய மூன்று கணவாய்களுக்கும் தனியே ஒரு வாரம் வேண்டும். அதை மற்றொரு கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு திட்டத்தின் தரம் அதில் எழுதியவற்றில் மட்டும் இல்லை. துணிந்து அடித்துவிட்ட பெயர்களிலும் இருக்கிறது.

திட்டத்தை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் மூன்று எண்களைக் குறியுங்கள்: ஓட்டும் நேரம், நிற்கும் நேரம், உறங்கும் நேரம். ஓட்டும் நேரம் நிற்கும் நேரத்தை மிஞ்சினால் ஓர் ஊரை அடித்துவிடுங்கள். மீண்டும் மிஞ்சினால் மீண்டும் ஒன்றை அடியுங்கள். பிறகு அத்தாளை, குடும்பத்தில் மூத்தவரிடம் கொடுத்து, "இது உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள். அவர் பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதே என்று "முடியும்" என்றுதான் சொல்வார். அவர் குரலைக் கேட்காமல் முகத்தைப் பாருங்கள்.

எத்தனை நாடுகள் பார்த்தோம் என்று ஊரார் கேட்பது ஒரு மாதம். சோச்சா ஆற்றங்கரையில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அந்தப் பாட்டனார் நினைத்திருப்பது ஆயுள் முழுதும். எதற்காகச் சேமித்தோம் என்பதை மனத்தில் கொண்டு திட்டமிடுங்கள். பயணம் நலமாக அமைய வல்ல இறைவன் துணைபுரிவானாக.